ரிமாண்டில் கேட்காத கேள்வி

அம்பத்தூர், பூந்தமல்லி, திருவள்ளூர் நீதிமன்றங்களில் இந்த ஆண்டு கறுப்பு அங்கி போடத் தொடங்கியிருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு,



உங்களில் பலர் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். அம்பத்தூரிலோ ஆவடியிலோ திருவள்ளூர் ரயிலைப் பிடித்துப் படித்து முடித்து, இப்போது ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். வக்காலத்து நிரப்புகிறீர்கள், வாய்தா தேதி குறிக்கிறீர்கள், ஜாமீன் மனுவுக்கு நம்பர் வாங்க அலைகிறீர்கள். அரசமைப்புச் சட்டம் என்பது பாரிமுனையில் ரிட் மனு போடுகிறவர்களின் சமாசாரம், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அதற்கு வேலையில்லை என்ற எண்ணம் இந்த முதல் ஆண்டில்தான் மனத்தில் படியும். அது படிந்துவிடும் முன் உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

கூட்டாட்சி, மாநில உரிமை, ஒன்றியத்தின் அதிகாரம் என்று மேடையில் முழங்குகிற அத்தனையும் கடைசியில் ஒரு கைதியின் ரிமாண்டுத் தாளில் வந்து நிற்கும். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால், உச்ச நீதிமன்றத்தில் அதற்குப் பதில் கிடைக்க முப்பது ஆண்டு ஆகலாம். அப்படி ஆன வழக்கு நம் பூந்தமல்லியில் நடந்தது. அதை வைத்தே பேசுகிறேன்.

முதலில், தண்டிக்கும் அதிகாரம் நம் நாட்டில் யார் யார் கையில் இருக்கிறது? அரசமைப்பின் முதல் கூறு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. ஏழாம் அட்டவணையில் குற்றச் சட்டமும் குற்ற நடைமுறையும் பொதுப் பட்டியலின் முதல் இரண்டு பதிவுகள். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு. சிறைகள் அதே பட்டியலில் நான்காவது. நாட்டின் பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலின் தலைப் பதிவு. பட்டாபிராமில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துத் திருடினால், அது என்ன குற்றம் என்று சொல்வது நாடாளுமன்றம் போட்ட சட்டம். பிடிப்பது மாநில அரசின் காவல்துறை. 2022 ஜனவரி 1 முதல் நம் பகுதிக்கு அது ஆவடி காவல் ஆணையரகம். அடைப்பது மாநிலத்தின் சிறை. விசாரிப்பது உயர் நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட மாஜிஸ்திரேட். தண்டனையைக் குறைக்க மாநில அரசுக்கும் மன்னிக்க ஆளுநருக்கும் அதிகாரம் உண்டு.

எல்லாக் கூட்டாட்சியும் இப்படிப் பிரிக்கவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் குற்றச் சட்டம். ஒரே செயலுக்கு மாநிலமும் ஒன்றியமும் தனித்தனியாக வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல்கூட உறுதிசெய்தது. ஜெர்மனியில் நாடு முழுவதற்கும் ஒரே குற்றச் சட்டம். காவல்துறை பெரும்பாலும் மாநிலங்களிடம். நம் ஏற்பாடு ஜெர்மனிக்குச் சற்றுப் பக்கம். தண்டிக்கும் வலிமை முழுவதும் ஒரே கையில் சேரக் கூடாது என்பதுதான் இந்தப் பிரிவினைக்கு நியாயம். ஆனால் பங்காளிகள் பெருகினால் பொறுப்பு தட்டிக்கழிக்கப்படும் என்பது பாகம் பிரித்த எந்த வீட்டுக்கும் தெரியும். அதிகாரத்தைக் கேட்கும்போது எல்லோரும் வருவார்கள். பதில் சொல்லும் நேரத்தில் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுவார்.

இந்தப் பிரிவினைக்கு உட்படாத பகுதி ஒன்று இருக்கிறது. 20, 21, 22ஆம் கூறுகள். நேற்றுவரை குற்றமாக இல்லாததற்கு இன்று தண்டிக்கக் கூடாது, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது. சட்டம் வகுத்த முறை இல்லாமல் உயிரையும் உரிமையையும் பறிக்கக் கூடாது. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். டெல்லி பிடித்தாலும் சென்னை பிடித்தாலும் இவை ஒன்றே. எந்தப் பட்டியலில் எந்தப் பதிவு என்ற சண்டை எப்படி முடிந்தாலும் உங்கள் கட்சிக்காரர் நிற்கும் தரை இதுதான்.

இனி பூந்தமல்லிக்கு வருவோம். 1991 மே 21 இரவு, இங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு பணியிலிருந்த காவலர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை; ஜனவரி முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி. விசாரணை சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் போனது. சட்டம், பயங்கரவாதச் செயல்களுக்கு எதிராக நாடாளுமன்றம் போட்டிருந்த தடா. வழக்கு பூந்தமல்லியில் அமைந்த தடா சிறப்பு நீதிமன்றத்தில், மூடிய கதவுகளுக்குள் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 41 பேரில் 12 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், மூவர் தலைமறைவு. மிஞ்சிய 26 பேர் கூண்டில் நின்றார்கள். அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்.

தடா வழக்கின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகாது. நேரே உச்ச நீதிமன்றம். ஒரு மாநிலத்தில் நடந்த குற்றத்தை அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தொட்டுப் பார்க்காமலே தூக்குமேடைவரை கொண்டுபோகும் வழி அது. 1999 மே 11 அன்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். குவாத்ரி தீர்ப்பளித்தார்கள். 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். மூவருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு உறுதியானது. கீழே 26 தூக்கு, மேலே நான்கு. ஒரே சாட்சியத் தொகுதியைப் பார்த்து இரண்டு நீதிமன்றங்கள் இவ்வளவு தூரம் விலகி நின்றிருக்கின்றன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீர்ப்பில் நீங்கள் படித்துப் படித்துப் பார்க்க வேண்டிய இடம் வேறு. தடா குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடாவின் 15ஆம் பிரிவில் பதிந்த ஒப்புதல் வாக்குமூலங்களை அது ஒதுக்கவில்லை. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று வெள்ளைக்காரன் 1872இல் போட்ட சாட்சியச் சட்டமே சொல்லியிருந்தது. தன் போலீஸின் யோக்கியதை அவனுக்குத் தெரியும். தடா அந்தக் கதவைத் திறந்து, காவல் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டால் போதும் என்றது. போலீஸ் காவலையும் 15 நாளிலிருந்து 60 நாளாக நீட்டியது. சட்டத்தின் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அந்தச் சட்டம் தந்த விசேஷச் சாட்சியம் மட்டும் நின்று தூக்குக் கயிறு வரை இழுத்தது.

பேரறிவாளன் 1991 ஜூன் 11 அன்று பிடிபட்டபோது அவருக்கு வயது 19. வெடிகுண்டுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவர் வாக்குமூலத்தைப் பதிந்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013இல் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறிய பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். குற்ற மனம் இருந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் வாக்கியமே அதுதான். அது காகிதத்தில் ஏறாமல் போனது 1991இல். வெளியில் வந்தது 22 ஆண்டு கழித்து.

அந்தக் காகிதம் நீதித்துறையின் கைக்கு வந்த நாளில், நீ சொன்னது முழுவதும் இதில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாக வேண்டிய கட்டாயம் யாருக்காவது இருந்ததா? தடா விதிப்படி ஒப்புதல் வாக்குமூலம் தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்படும். காகிதம் போனால் போதும். வாக்குமூலம் கொடுத்தவரும் கூடவே போக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 1994 மார்ச் 11 அன்று வந்த கர்த்தார் சிங் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் அதைச் சேர்த்தது: ஒப்புதல் கொடுத்தவரையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துங்கள், அவர் ஏதாவது சொன்னால் கவனமாகப் பதிந்து கையெழுத்து வாங்குங்கள், அடித்தார்கள் என்று சொன்னால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பேரறிவாளனின் வாக்குமூலம் எழுதப்பட்டு அதற்குள் மூன்று ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஆகியிருந்தது. ரிமாண்டில் கேட்காத கேள்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

அதே கர்த்தார் சிங் தீர்ப்பில் கூட்டாட்சிக் கேள்வியும் இருந்தது. பொது ஒழுங்கு மாநிலப் பட்டியலில் இருக்க, தடா போட நாடாளுமன்றத்துக்கு என்ன உரிமை என்று வாதிட்டார்கள். பயங்கரவாதம் பொது ஒழுங்கைத் தாண்டியது, நாட்டின் பாதுகாப்பைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. மாநிலத்தின் கையிலிருந்த பொருள் ஒன்றியத்தின் கைக்கு மாறியது. ஒரு குற்றத்துக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதிகாரம் யாருடையது என்பது மாறும்; கைதியின் தலையெழுத்தும் மாறும்.

தடா 1995 மே மாதம் காலாவதியானது. அதன் கீழ் தொடங்கிய வழக்குகள் தொடர்ந்தன. பூந்தமல்லித் தீர்ப்பு வந்ததே சட்டம் செத்து மூன்றாவது ஆண்டில்தான். பிறகு அதே வகையில் பொடா வந்தது. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி அதை நிறைவேற்றின. அன்று ஆண்ட கூட்டணியில் ம.தி.மு.க.வும் இருந்தது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று, திருமங்கலம் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக, அந்தக் கட்சியின் பொதுச் செயலாளரும் மக்களவை உறுப்பினருமான வைகோவைத் தமிழ்நாடு காவல்துறை பொடாவில் கைதுசெய்தது. வழக்கு நம் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில். வேலூர்ச் சிறையில் 19 மாதம் இருந்து 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வந்தார். ஒன்றியம் செய்த ஆயுதத்தை மாநிலம் எடுத்து, ஒன்றிய ஆட்சியின் கூட்டாளி மீதே வீசியது. கடுமையான சட்டம் ஒன்றைப் போடும்போது, அது தன் கையிலேயே இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

இப்போது மன்னிப்பு அதிகாரத்தைப் பாருங்கள். பொறுப்பைத் தட்டிக்கழிப்பது எப்படி என்பதற்குப் பாடப்புத்தகம் அது. 1999இல் நால்வரின் கருணை மனுக்களை ஆளுநர் பாத்திமா பீவி தள்ளுபடி செய்தார். அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் ஆளுநர் அப்படி முடிவெடுக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. 2000 ஏப்ரலில் அமைச்சரவை கூடிப் பரிந்துரைக்க, நளினியின் தூக்கு ஆயுளானது. மற்ற மூவரின் மனு குடியரசுத் தலைவருக்குப் போனது. அங்கிருந்து 2011 ஆகஸ்டில்தான் பதில் வந்தது: நிராகரிப்பு. செப்டம்பர் 9 தூக்கு என்று நாளும் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 11 ஆண்டு காக்க வைத்ததையே காரணமாகக் காட்டி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது.

மறுநாளே ஏழு பேரையும் விடுவிப்பதாக மாநில அரசு அறிவித்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் ஒன்றியத்தின் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் தண்டனையைக் குறைக்க முடியாது என்று 2015 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது அன்றைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 435ஆம் பிரிவு பற்றியது. அரசமைப்பின் 161ஆம் கூறு வேறு. அங்கே மன்னிப்பது ஆளுநர், அவருக்கு ஆலோசனை சொல்வது மாநில அமைச்சரவை. 2018 செப்டம்பர் 9 அன்று அமைச்சரவை அந்த வழியில் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்துவிட்டு, 2021 ஜனவரியில், இது குடியரசுத் தலைவர் முடிவுசெய்ய வேண்டியது என்று கைகழுவினார்.

2022 மே 18 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், ஏ.எஸ். போபண்ணா அமர்வு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கொலைக் குற்றத் தண்டனை மாநிலத்தின் நிர்வாக எல்லைக்குள் வருகிறது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும். அதைக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட அரசமைப்பில் இடமில்லை என்று சொல்லி, 142ஆம் கூற்றின் அதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது. நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள்.

மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று அந்த மே மாதத் தீர்ப்பைக் கொண்டாடினோம். சரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 வயதில் உள்ளே போனவர் ஐம்பதை ஒட்டி வெளியே வருகிறார். டெல்லி 11 ஆண்டு எடுத்துக்கொண்டது. கிண்டி ஆளுநர் மாளிகை இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. பந்தயம் யாருக்குச் சாதகமாக முடிந்தாலும் ஓடியது கைதியின் காலம். ஆறு பேரில் இலங்கைக் குடிமக்கள் நால்வர் சிறையிலிருந்து திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது குற்றச் சட்டத்தின்படி நடந்ததல்ல, வெளிநாட்டவர் சட்டத்தின்படி. அப்படி ஒரு முகாம் ஒருகாலத்தில் நம் பூந்தமல்லியிலும் இருந்தது. தண்டனை முடிந்தவரும், வழக்கே இல்லாதவரும் பூட்டிய கதவுக்குள் இருக்க வேண்டிய இடம். சாந்தன் ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார்.

செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த இரவில் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்களின் குடும்பங்களுக்கு முப்பது ஆண்டாக ஆறாத காயம் இது. ஆனால் வாக்குமூலத்தில் ஒரு வாக்கியத்தை விழுங்கியவர் அவர்களுக்கும்தான் துரோகம் செய்தார். யார் தெரிந்து செய்தார், யார் தெரியாமல் செய்தார் என்ற உண்மை அவர்களுக்கும் சேர வேண்டிய சொத்து. குறுக்கு வழியில் வாங்கிய தண்டனை மேல் நீதிமன்றங்களில் வருஷக் கணக்கில் இழுபடும்போது, அந்தக் குடும்பங்களும் ஒவ்வொரு தீர்ப்பு நாளிலும் அந்த இரவைத் திரும்ப வாழ்கின்றன.

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 477ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். 2015 தீர்ப்பு சொன்னதை அது சட்டமாகவே எழுதிவிட்டது: ஒன்றிய அமைப்புகள் விசாரித்த வழக்கில் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் தண்டனையைக் குறைக்க முடியாது. 161ஆம் கூற்றை அந்தச் சட்டம் தொட முடியாது. சாதாரணச் சட்டத்துக்கு அந்த வலு இல்லை. அந்த வேறுபாட்டை நீங்கள் மறக்கவே கூடாது. அதே சட்டத்தின் 187ஆம் பிரிவு போலீஸ் காவல் 15 நாளை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம் என்கிறது. சிறைக்குப் போய்விட்டான், இனி அடி விழாது என்று ஒரு தாய் நிம்மதியாக இருந்த காலம் போயிற்று. ஒவ்வொரு கஸ்டடி மனுவுக்கும் நீங்கள் எழுந்து நின்றாக வேண்டும்.

மாநிலத்திடமும் கருவிகள் இருக்கின்றன. 2023 ஜூனில் சி.பி.ஐ.க்குத் தந்திருந்த பொது இசைவைத் தமிழ்நாடு திரும்பப் பெற்றது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்தங்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இத்தகைய திருத்தம் உயிர்பெறக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தேசியப் புலனாய்வு முகமைச் (என்.ஐ.ஏ.) சட்டத்தின் 6ஆம் பிரிவிலோ மாநிலத்தின் சம்மதத்துக்கு இடமே இல்லை. மத்திய அரசு தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த வழக்குகளை விசாரிப்பதும் நம் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம்தான். 2022 அக்டோபரில் கோவையில் நடந்த கார் வெடிப்பு வழக்கு மாநில அரசின் பரிந்துரையோடு என்.ஐ.ஏ.விடம் போய், இங்கே வந்தது.

ஒன்றியத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்தினால் நான் நேர்மையானவன் இல்லை. விசாரணையே இல்லாமல் 12 மாதம் உள்ளே வைக்கிற குண்டர் சட்டம் தமிழ்நாடு சட்டமன்றம் 1982இல் போட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் அதைக் கைவிட்டதில்லை. தடுப்புக் காவல் எண்ணிக்கையில் நம் மாநிலம் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளில் தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே தனிமனித உரிமை பற்றிய முதல் பெரிய வழக்கு ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம் என்று நம் பெயரைத் தாங்கியே வந்தது. அதுவும் தடுப்புக் காவல்தான். மாநில உரிமை என்பது மாநிலத்தின் போலீஸுக்குக் கொடுக்கும் வெற்றுக் காசோலை ஆகிவிடக் கூடாது. டெல்லியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை ஆவடி ஆணையரகத்தைப் பார்த்தும் கேட்கிறவர்தான் கூட்டாட்சியைப் புரிந்துகொண்ட வழக்கறிஞர்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் திருமுடிவாக்கத்திலும் லேத் பட்டறை முதல் பேக்கிங் கூடம் வரை இன்று ஒடிசா, பிகார், அசாம் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். மாநிலங்களின் ஒன்றியம் என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் எஸ்டேட் சாலையில் நின்றால் போதும். அவர்களில் ஒருவன் கைதானால் எஃப்.ஐ.ஆர். தமிழில், வாக்குமூலம் தமிழில், ரிமாண்டு உத்தரவு தமிழிலோ ஆங்கிலத்திலோ. அவன் சொன்னதாக எழுதப்பட்ட நான்கு பக்கத்தில் ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரியாது. கீழே கைநாட்டோ கையெழுத்தோ மட்டும் அவனுடையது. இந்தித் திணிப்பை எதிர்த்து நிற்கிற நாம், டெல்லியில் ஒரு தமிழ்ப் பையனை இப்படி நிறுத்தினால் கொதித்திருப்போம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. தடுப்புக் காவலுக்கான காரணங்களைக் கைதிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ஹரிகிஷன் வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பங்கஜ் பன்சல் வழக்கில் 2023 அக்டோபரிலும், பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் 2024 மே மாதத்திலும் கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது. அவை தனிச் சட்டங்களைப் பற்றிய தீர்ப்புகள். மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் 2025 நவம்பர் 6 அன்று அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது: காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், உடனடியாகத் தர முடியாத நிலையிலும் ரிமாண்டுக்கு நிறுத்த இரண்டு மணி நேரம் முன்பாவது அவர் கையில் சேர வேண்டும். டெல்லியில் எழுதிய இந்த வரிகளுக்கு அம்பத்தூரில் உயிர் கொடுக்கப் போவது நீங்கள்தான். ரிமாண்டு நேரத்தில் யாரும் கேட்கவில்லை என்றால் அது அச்சில் கிடக்கும்.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

கட்சிக்காரர் யாராக இருந்தாலும், ரிமாண்டுக்கு நிறுத்தும்போது அருகில் போய் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நேரத்தில் பிடித்தார்கள்? எதற்கு என்று எழுதிக் கொடுத்தார்களா, உனக்குப் புரிந்ததா? நீ சொன்னது முழுவதும் எழுதப்பட்டதா? பதில் கோளாறாக இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டாம். மெமோவாக எழுதிக் கொடுத்து, அது கட்டில் சேர்ந்ததா என்று பாருங்கள். கட்டில் இல்லாதது மேல் நீதிமன்றத்தில் நடக்காதது. ரிமாண்டு இரவில் நீதிபதியின் வீட்டில் நடக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர் சொன்னாலும் பைக்கை எடுங்கள்.

இரண்டாவது, உங்கள் பார் அசோசியேஷன் வழியாக, இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி தெரிந்தவர்களின் பட்டியல் ஒன்றை வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் தொகுத்துக் கொடுங்கள். தொழிற்பேட்டையிலேயே தமிழும் தாய்மொழியும் தெரிந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். இலவசச் சட்ட உதவி என்று 39அ கூறு சொல்வதைக் கைதியின் மொழியில் பேச வழியில்லாத வழக்கறிஞரை வைத்து நிறைவேற்ற முடியாது.

மூன்றாவது, எந்த வழக்கை எடுத்தாலும் கட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: சட்டம் யாருடையது, விசாரித்தவர் யார், மேல்முறையீடு எங்கே, தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம். சி.பி.ஐ. ஒரு வழக்குக்குள் நுழைந்த நாளே அந்தக் கைதியின் முன்விடுதலைக்கான கதவு டெல்லிப் பக்கம் திரும்பிவிடுகிறது என்பதை இருபது ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. குண்டாஸ் போட்டால் அந்த வாரமே ஆவணங்களின் மொழியையும் தேதிகளையும் பாருங்கள். அந்த உத்தரவுகள் பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

இதற்கெல்லாம் ஃபீஸ் அதிகம் கிடைக்காது. சில மாஜிஸ்திரேட்டுகள் முகம் சுளிப்பார்கள். ஸ்டேஷனில் உங்களைப் பற்றி ஒரு மாதிரிப் பேசுவார்கள். பேசட்டும். அதிகாரம் டெல்லிக்கா சென்னைக்கா என்பதை அரசியல் சாசன அமர்வுகள் இன்னும் நூறு ஆண்டு விவாதிக்கும். அவர்களுக்கு நேரம் இருக்கிறது. உங்கள் கட்சிக்காரருக்கு 24 மணி நேரம்தான்.

அன்புடன்,
பூந்தமல்லியிலிருந்து உங்கள் மூத்த வழக்கறிஞர் ஒருவர்